பின்சீற்றில் வந்த ஏழாவது ஆள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பேய், ஆவி, குறி கேட்பது எல்லாம் எனக்குத் துண்டறப் பிடிக்காது. ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் எங்கள் சனத்தில் பாதிப் பேருக்குக் கையில் மந்திரித்த நூல், மீதிப் பேருக்கு வாசலில் தேசிக்காய், என் வீட்டில் இரண்டும் இல்லை. என் தொழில் கார் ஓட்டப் பழக்குவது. கண்ணாடியில் தெரிந்தால் இருக்கிறது, தெரியாவிட்டால் கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார், அப்போதும் தெரியாவிட்டால் இல்லை, லேனை மாற்று. இதுதான் என் சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பினால் நம்புங்கள், சிரிப்பதென்றால் சொல்லி முடித்த பிறகு சிரியுங்கள். என் மகளிடம் சொன்னபோது, "அம்மா, யூ நீட் ஸ்லீப்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். எனக்கு நித்திரை நன்றாகத்தான் வருகிறது.

கலியாணம் கட்டி வந்த முதல் கிழமையிலேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. இவர், அதாவது என் கணவர், "எங்கட ஊரிலை" என்று கதையைத் தொடங்கினால் அது யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஊர் இல்லை. கனடாவுக்கு வருமுன் இவர் சில வருடம் ஜேர்மனியில் இருந்தவர். அகதியாகப் போய் இறங்கியவர்களை அங்கே பிரித்துப் பிரித்து ஊர் ஊராக அனுப்ப, இவர் போய் விழுந்தது மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில். பெயரைச் சொல்லமாட்டேன், சொல்லவேண்டாம் என்று இவர் கேட்டிருக்கிறார், சொன்னாலும் என் வாய்க்குள் வடிவாக வராது. ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு பழைய மா அரைக்கும் ஆலை, ஆலைக்குப் பின்னால் ஒரு குளம், காற்றில் மாட்டுச் சாணி மணம், ஞாயிற்றுக்கிழமை என்றால் ரோட்டில் ஒரு குஞ்சு குருமன் இருக்காது. ஊர் நடுவில் பூட்டிக் கிடந்த பழைய சத்திரம் ஒன்றின் மேல்மாடியை இவர்களுக்குத் திறந்து கொடுத்தார்கள். சுவர் முழுக்க மான் கொம்பாம். அந்தக் கொம்புகளில் எங்கள் பெடியள் சாரம் காயப் போட்டார்களாம். மொத்தம் ஏழு பேர், ஏழாவது ஆள் இவருடைய தம்பி ரூபன்.

ரூபனுக்குப் பத்தொன்பது வயது. ஏஜென்சிக்காரன் யாருடையதோ பாஸ்போட்டில் படத்தை மாற்றி ஒட்டி அனுப்பியதால், அந்த ஊர்க் கந்தோரில் அவன் வேறு பெயரில் பதிவானான். இவர் சொந்தப் பெயரில். அண்ணனும் தம்பியும் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்து எழும்பினாலும் பதிவில் இரண்டு பேரும் அந்நியர்கள். அகதி வழக்கு முடியும்வரை வாய் திறக்காதே என்றுதான் அந்தக் காலத்தில் எல்லாரும் புத்தி சொன்னார்கள். எத்தனை வீட்டில் மாமன் மச்சானாகவும் மச்சான் மகனாகவும் பதிந்து கிடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும்தானே.

அங்கே வந்த முதல் பனிக்காலத்திலேயே, தை மாதத்தில், ரூபனை ஆலைக் குளத்திலிருந்து தூக்கினார்கள். குடித்துவிட்டு உறைந்த குளத்தில் நடந்திருக்கிறான், ஐஸ் உடைந்துவிட்டது என்று ஊர் சொன்னது. அவன் பியரை மணந்தும் பார்க்காதவன் என்று இவருக்குத் தெரியும், ஆனால் யாரிடம் சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது? தமையன் என்று முன்னுக்கு நிற்க வழியில்லை. எங்கள் முறைப்படி எரிக்கவேண்டும் என்று கேட்க வழியில்லை. ஊரே செலவு செய்து, அந்தப் பொய்ப் பெயரில், தலைமாட்டில் ஒரு மரச்சிலுவையும் நட்டுத் தாட்டுவிட்டது. இவர் மற்ற ஐந்து பேரோடு ஆறாவது ஆளாகக் கைகட்டிக்கொண்டு நின்றிருக்கிறார், கூட்டாளி மாதிரி.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். ஒவ்வொரு தையிலும் திவசத்துக்குச் சமைக்கிறவள் நான். படையலுக்குப் பின்னால் வைக்க ஒரு படம்கூட இல்லை, ஊரில் வீடு ஷெல் விழுந்து எரிந்தபோது படங்களும் போய்விட்டன. குத்துவிளக்கு, செம்பில் தண்ணீர், தலைவாழையிலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய், வடை, பாயசம், கடைசியில் கெக்கரிக்காய் ஊறுகாய்ப் போத்தல். ஓம், வெள்ளரிப் பிஞ்சு மாதிரி, வினாகிரி என்கிற புளிக்காடியில் ஊறப் போட்ட அந்த வெள்ளைக்காரக் கெக்கரிக்காய்தான். சத்திரத்தில் கொடுத்த சாமான் பெட்டியில் அது வருமாம், மற்றவர்கள் முகத்தைச் சுழிக்க ரூபன் ஒருவனே போத்தலை முடிப்பானாம். நான் ஒரு நாளும் கண்டிராத ஒருவனுக்காகக் கால் கடுக்க நின்று சமைத்து, கடைசியில் இந்தக் கண்டறியாத போத்தலையும் இலையில் வைக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். படைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தி வெளியே இருப்போம். திறந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும், பிறகு நாங்கள் சாப்பிடுவோம். ஒரு அதிசயமும் நடந்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில்தான் எல்லாம் தொடங்கியது. ஜேர்மனியில் ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறார் செல்வண்ணை, இவருடைய ஒன்றுவிட்ட மச்சான், வேறு ஊரில் வளர்ந்து பிந்தி வந்தவர், ரூபனைக் கண்டதில்லை. அவர் அந்தப் பக்கமாகப் போகிறேன் என்று சொல்ல, கல்லறையை ஒருக்கால் பார்த்துவிட்டு வா என்று இவர் கேட்டுக்கொண்டார். கனடா வந்து வேலை எடுத்ததும் மரச்சிலுவையை எடுத்துவிட்டு ஒரு சின்னக் கல்லு வைக்கக் காசு அனுப்பியவர் இவர். செல்வண்ணை அங்கே நின்றபடி வட்ஸ்அப்பில் வீடியோக் கோல் எடுத்தார்.

"மச்சான், நீ சொன்ன மூலையிலைதான் நிக்கிறன். கல்லைக் காணேல்லையடா."

"வடிவாப் பார். மதிலோடை ஒரு பைன் மரம் நிக்கும், அதுக்குக் கீழை."

"மரம் நிக்குது. கீழை வெறும் புல்லு."

அங்கே கல்லறை என்பது வாடகைக்கு எடுத்த வீடு மாதிரியாம். குறித்த காலம் முடிந்தால் திரும்பப் பதியவேண்டும். யாரும் வரவில்லை என்றால் கல்லில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி விடுவார்களாம், அதையும் கண்டு யாரும் வராவிட்டால் கல்லைக் கிளப்பிவிட்டுப் புல்லை விதைத்துவிடுவார்களாம். அந்த ஊர்ச் சனம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் எரித்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்து, தலை முழுகிவிட்டு வருகிற ஆட்கள். "கல்லு வைச்சால் அது அங்கைதானே கிடக்கும்?" என்று இவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். செல்வண்ணை பாவம், தன்னுடைய பிழை போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. செல்வண்ணை போனை வைக்காமல் அப்படியே ஊருக்குள் நடந்தார். ஆலை இப்போது விடுமுறைக்கு வாடகை விடும் வீடுகள். குளத்தை நிரவிக் கார் பார்க்கிங் ஆக்கியிருக்கிறார்கள். சத்திரத்துக்கு வெள்ளை அடித்து, அதற்குள் ஊரின் வரலாறு என்று ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்கள், மான் கொம்பு மட்டும் அப்படியே இருந்தது. அங்கே ஒரு சுவரில், எங்கள் ஊர் அன்போடு வரவேற்ற இலங்கை விருந்தாளிகள் என்ற தலைப்பில் ஒரு படம். பனிக்குள் வரிசையாக ஆறு பெடியள், இரண்டாவது ஆள் இவர், மீசை இப்போதுதான் முளைத்த முகம். "அன்போடையோ? சன்னல் சீலையை நீக்கிப் பாத்துப்போட்டு மூடின சனம்" என்று இவர் சொன்னார், ஆனால் அவருடைய கண் படத்திலேயே நின்றது.

கண்காட்சிக்குப் பொறுப்பான பெண் நல்ல மனுசி, செல்வண்ணைக்குக் கேக்கும் கோப்பியும் கொடுத்திருக்கிறா. ஏழு பேர் இருந்தார்களே என்று கேட்டதற்கு, இல்லை, ஆறு பேர்தான் என்றா. அந்தப் பொய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு, அவர் பிறகு வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார் என்று இருக்கிறது, சாகவில்லை என்றா. குளத்தைக் கேட்டதற்கு, குளம் என்று சொல்வதற்கில்லை, ஒரு வாய்க்கால் ஓடியது என்றா. செல்வண்ணை இதைச் சொல்லச் சொல்ல இவர் முகத்தில் இரத்தம் இல்லாமல் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு இவர் மனிதனாக இல்லை. நெஞ்சுக்குள் ஸ்டென்ற் வைத்த ஆள், மருந்தைக்கூட நான் கையில் கொடுத்தால்தான். எந்த நேரமும் போனில் செல்வண்ணை அனுப்பிய அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபடி இருப்பார். "எனக்குப் பக்கத்திலை நிண்டவன், என்ரை தோளிலை கை போட்டவன்" என்பார். படத்தில் இவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடைவெளி, அவ்வளவுதான். அந்த மற்ற ஐந்து பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை, மூன்று பேர் எந்தத் தேசத்தில் என்றே தெரியாது. ஒரு நாள் தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "உண்மையா எனக்கொரு தம்பி இருந்தவனோ?" என்று கேட்டார். பகிடியாக இல்லை.  இத்தனை வருடம் இவரைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் துக்கம்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது, அதுவும் பறிபோனால் இந்த மனிதன் எழும்பமாட்டார் என்று பயந்தேன்.

தை வந்தது. திவசத்துக்குக் கத்தரிக்காய் வாங்கவா என்று கேட்டேன்.

"வேண்டாமப்பா. ஆருக்கெண்டு படைக்கிறது?"

நானும் வற்புறுத்தவில்லை. சமைக்கும் வேலை ஒன்று குறைந்தது என்று நினைக்கவும் செய்தேன், பொய் சொல்வானேன். அந்த நாள் மத்தியானத்துக்கே வித்யாவுக்கு ஒரு வகுப்புப் போட்டுவிட்டேன். வித்யா மதுரைப் பக்கத்துப் பிள்ளை, டவுன்ரவுனில் கொம்பியூட்டர் வேலை, அஜின்கோர்ட்டில் கொண்டோவில் இருக்கிறாள். என்னிடம் வந்து சில கிழமைதான். எங்கள் வீட்டைப் பற்றி அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது, ஏனென்றால் என் காருக்குள் கதை கிடையாது. ஓடும்போது வாயைத் திறந்தால் பிரேக்கை மிதிப்பேன் என்பது எல்லா மாணவர்களுக்கும் தெரிந்த சட்டம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். எங்கள் தொழிலில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மாணவரை வழியில் ஏற்றிப் பின்சீற்றில் இருத்திவிடுவோம், நேரம் மிச்சம். ஆகவே வித்யா எத்தனையோ தரம் பின்னால் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அன்றைக்கு அடுத்த மாணவன் காய்ச்சல் என்று காலையிலேயே மெசேஜ் போட்டுவிட்டான். பின்சீற்றில் என் கைப்பையும் ஒரு பனி தட்டும் தும்புத்தடியும் மட்டும்தான்.

நல்ல வெயில், ஆனால் முகத்தை அறுக்கும் குளிர். இரண்டு பக்கமும் பனிக் குவியல், ரோட்டெல்லாம் பனி உருகக் கொட்டிய உப்பு. வெளிக்கிட்ட உடனேயே பின்சீற் பெல்ட் போடவில்லை என்று லைற் எரிந்து கீக் கீக் என்றது. கைப்பையின் பாரம் என்று நினைத்து அதை எடுத்து மடியில் வைத்தேன். நிற்கவில்லை. கோதாரி விழுந்த கார், உப்புத் தண்ணி வயருக்குள் போயிருக்கும் என்று பேசாமல் விட்டேன். பிறகு பின்கண்ணாடி மூச்சுப் பட்டது போலப் புகார் பிடித்தது, உள்ளே இருந்து. வித்யா ஹீட்டரைக் கூட்டினாள். எனக்கு வேர்க்க, நான் குறைத்தேன். கொஞ்சத் தூரம் போக அவள் திரும்பக் கூட்டினாள், நான் திரும்பக் குறைத்தேன். இப்படியே மில்லிக்கன் வரை போனோம்.

மில்லிக்கனில்தான் எங்கள் வீடு. என் மாணவர்கள் எல்லாரும் என் வீட்டு டிரைவ்வேயில்தான் பின்னுக்கு எடுத்துப் பழகுவது, கராஜ் கதவில் உள்ள ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு பெயர் சொல்லுவேன். வித்யா அன்றைக்கு அழகாகப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினாள். நிறுத்திய கையோடு பின் கதவு திறந்து மூடின சத்தம் கேட்டது. "ஏன் பிள்ளை லொக்கை விடுறாய்?" என்று கேட்டேன். அவள் பக்கக் கண்ணாடியால் எங்கள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி அஜின்கோர்ட் போகும்வரை அந்த லைற் எரியவில்லை.

கொண்டோ வாசலில் காரை நிறுத்தி எஞ்சினை ஓஃப் பண்ணியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மேம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்தப் பையன் உங்க வீட்டுப் பையனா?"

"எந்தப் பெடியன்?"

"பின்னாடி உக்காந்துட்டு வந்தாரே. நான் ஏறும்போதே இருந்தாரு, அடுத்த ஸ்டூடண்ட்னு நெனச்சேன். உங்க வீட்டுல இறங்கி உள்ள போயிட்டாரு."

"விளையாடாதை பிள்ளை."

"ஐயோ, இல்ல மேம். நீல ஜாக்கெட், தொளதொளன்னு, அவர் சைஸே இல்ல. தலையெல்லாம் ஈரம். நடுங்கிட்டே இருந்தாரு. ஒரு கால்ல ஷூவே இல்ல மேம், வெறும் சாக்ஸ், அதுவும் சொட்டச் சொட்ட நனைஞ்சு. அதான் நான் ஹீட்டரைக் கூட்டினேன். நீங்க ஏன் மேம் குறைச்சுட்டே இருந்தீங்க?"

அந்தக் கடைசிக் கேள்வியில் உண்மையான கோபம் இருந்தது. பேய் கண்டவளின் குரல் இல்லை அது, ஒரு பிள்ளையைக் குளிரில் விறைக்க விட்டவளைப் பார்த்துக் கேட்கும் குரல். என் வாய் என்னை அறியாமல், "எந்தக் கால்?" என்று கேட்டது. அவள் கொஞ்சமும் யோசிக்காமல் தன் இடது முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

எப்படி வீட்டுக்கு ஓடி வந்தேன் என்று கேட்காதீர்கள், நான் பிழை பிடிக்கும் அத்தனை பிழையையும் நானே விட்டுக்கொண்டு வந்தேன். வாசல் மிதியடி ஈரம். பனிக்காலத்தில் எந்த வீட்டு மிதியடி காய்ந்து கிடக்கும், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இவர் ஹோலில் ரீவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருந்தார். நான் ஜக்கெட்டையும் கழற்றாமல் முன்னால் போய் நின்றேன்.

"இஞ்சேருங்கோ, தண்ணியிலை இருந்து தூக்கேக்கை ரூபன்ரை காலிலை சப்பாத்து இருந்ததோ?"

இவர் என் பக்கம் திரும்பினார். கையில் இருந்த ரிமோட் மடியில் விழுந்தது.

"இடது காலிலை இல்லையோ?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"சொல்லுங்கோவன்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அம்மாவுக்குக் கூடச் சொல்லேல்லை. உனக்கு ஆரப்பா சொன்னது?" எழும்பி என் இரண்டு தோளையும் பிடித்துவிட்டார். பிறகு அப்படியே கீழே இருந்துவிட்டார், கார்பெட்டில், சின்னப் பிள்ளை மாதிரி. "ஒரு சப்பாத்தோடைதான் தாட்டவங்கள். என்ரை சப்பாத்தைக் கழட்டிக் கையிலை கொண்டு போனனான். நான் போகமுன்னம் பெட்டியை மூடிப்போட்டாங்கள். ஒருக்காத் திறவுங்கோ எண்டு கேக்க எனக்குப் பாஷை இல்லை. தமையன் எண்டு சொல்ல வாயும் இல்லை. அந்தச் சப்பாத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டன்."

நான் வித்யா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். நீல ஜக்கெட் சேர்ச்சில் கொடுத்ததாம், இவருக்குக் கொடுத்ததை அவன் போட்டுத் திரிந்தானாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர் அழுதார், இத்தனை வருடத்தில் நான் அப்படி ஒரு அழுகையைக் கண்டதில்லை, அந்த அழுகைக்குள்ளேயே ஒரு சிரிப்பும் வந்தது. "இருந்தவனப்பா. அவன் இருந்தவன்" என்று என் கையைப் பிடித்து ஆட்டினார். நானும் அழுதேன். நான் ஹீட்டரைக் குறைத்ததை நினைத்து அழுதேன்.

பொழுது படுமுன் படைத்துவிட்டோம். பிளாஸாவுக்கு ஓடிப்போய்க் கத்தரிக்காயும் கெக்கரிக்காய்ப் போத்தலும் வாங்கி வந்து, சமைத்து, இலையைப் போட்டுக் கதவைச் சாத்தினோம். அன்றைக்கு மட்டும் எனக்கு எரிச்சல் வரவில்லை. திறந்தபோது வைத்தது வைத்தபடிதான் இருந்தது. ஏதோ நடக்கும் என்று நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள், நானும் எதிர்பார்த்தேன்.

சாப்பிடும்போது இவர் திரும்பவும் அந்தப் படத்தை எடுத்தார். எத்தனையோ தரம் பார்த்த படம், அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"ஆறு பேரும் வரிசையிலை நிக்கிறியள். அப்ப படத்தை எடுத்தது ஆர்?"

இவர் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் இருந்தார். படத்தின் அடியில், பனியில், எடுத்தவரின் நிழல் நீளமாக விழுந்து இவர்களின் கால்வரை வந்திருக்கிறது. ஒல்லியான நிழல், இரண்டு முழங்கையும் வெளியே தள்ளிக்கொண்டு. "என்னடா நிக்கிறாய், படத்தை எடன் எண்டு கத்தினனான்" என்று இவர் மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் நின்றான், தோளில் கை போட்டான் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தது என்ன என்று நான் கேட்கவில்லை. ஊர் மட்டும்தானா பழசை மாற்றுகிறது, ஆட்களும்தான் மாற்றுகிறோம்.

விடிந்ததும் இவர் அந்தக் கண்காட்சிப் பெண்ணுக்குப் போன் எடுத்தார். துருப்பிடித்த ஜேர்மன் பாஷையில், குசினிக்குள் நடந்து நடந்து, அவன் என் தம்பி, நாங்கள் ஏழு பேர் என்று சொன்னார். தம்பி என்று அந்த ஊருக்கு இவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த மனுசி மரியாதையாகக் கேட்டாவாம், ஆனால் படத்தை எடுத்தது அந்தக் காலத்துப் பாதிரியார் என்றுதான் ஊரில் சொல்கிறார்களாம். "அந்தாள் பீப்பா மாதிரி இருந்தவர், உதென்ன பீப்பாவின்ரை நிழலோ?" என்று இவர் போனை வைத்துவிட்டு என்னிடம் கத்தினார். கத்தட்டும், கத்துகிற மனிதன் மருந்தைத் தானே எடுத்துக் குடிப்பான். பங்குனியில் செல்வண்ணை திரும்பப் போய்ப் பார்த்தார். படத்துக்குக் கீழே இப்போது ஆறு அல்லது ஏழு விருந்தாளிகள் என்று மாற்றியிருக்கிறார்களாம். அல்லது என்றால் என்ன அர்த்தம் என்று இவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வித்யா முதல் தரத்திலேயே ரெஸ்ற் பாஸ் பண்ணிவிட்டாள். சொக்லேற் பெட்டியோடு வந்து, "அந்தப் பையன் எப்படி இருக்காரு மேம்?" என்று கேட்டாள். நான் எவ்வளவு சொல்லியும் நான்தான் பகிடி விடுகிறேன் என்று அவள் நம்புகிறாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு விதமும் சரிவரவில்லை.

இனிச் சொல்லப்போவதை மகளுக்கும் சொல்லவில்லை. அந்தத் திவசத்துக்கு அடுத்த நாள் இவர் பிளாஸாவில் ஒரு சோடி கறுத்தப் பூட்ஸ் வாங்கி வந்து, வாசலில் எங்கள் சப்பாத்துத் தட்டில், எல்லாச் சப்பாத்துக்கும் முன்னால் வைத்தார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அளவில்லாத பூட்ஸ். யாரும் போடுவதில்லை, தொடுவதும் இல்லை. மிச்சப் பனிக்காலம் முழுக்க அதில் இடது பூட்ஸ் ஈரமாகக் கிடந்தது. பக்கத்தில் இருக்கும் என் சப்பாத்திலிருந்து பனி உருகி ஓடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நல்ல காரணம்தானே.

இப்போது ஆடி மாதம். ரொறன்ரோ வேகிறது, ரோட்டில் உப்புப் போட்டு எத்தனை மாதம், வீட்டில் எல்லாரும் செருப்போடு திரிகிறோம். போன கிழமை காலையில் தட்டைத் துடைக்கப் போனேன். இடது பூட்ஸின் விளிம்பு முழுக்க வெள்ளை உப்புக் கோடு, தை மாதத்தில் ரோட்டில் நடந்து வந்தால் பிடிக்குமே, அது. தொட்டுப் பார்த்தேன், உள்ளுக்குள் ஈரம். உப்புக் கறைக்கு வினாகிரிதான் மருந்து என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், கைக்கு அகப்பட்டது கெக்கரிக்காய்ப் போத்தல், அதில் மிஞ்சிக் கிடந்த தண்ணியில் துணியை நனைத்து வடிவாகத் துடைத்து வைத்தேன். இவருக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் விடியப் போய்ப் பார்த்தேன், திரும்பவும் உப்புப் பூத்திருந்தது, இடதில் மட்டும். வலது பூட்ஸ் கடையில் வாங்கியபடி புதிதாக இருக்கிறது.